மைனஸ் மைனஸ் பிளஸ்

சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை போகிறவர்கள் மஃப்ளர் சுற்றிக்கொள்வதெல்லாம் இருபது டிகிரி குளிருக்குத்தான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு குறை எண்களைச் சொல்லித்தர நான் புரட்டிய புத்தகங்களில் பாதி, பனி மூடிய மலைப் படத்தோடும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய வெப்பமானியோடும் தொடங்கும். பிள்ளைகள் படத்தை ரசிப்பார்கள். ஒருத்தி, "ஐஸ் பெட்டிக்குள்ள போய் நின்னா மைனஸ் தெரியுமா மிஸ்?" என்று கேட்டாள். படம் அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது.

மயிலாப்பூரில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு சித்திரக்குளம் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் டியூஷன். பள்ளியில் என்னிடம் படித்தவர்கள் ஆட்டோ ஓட்டுகிறவர், பூ கட்டுகிறவர், கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளைகள். டியூஷனுக்கு வந்தவர்கள் அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம், தி.நகர் அடுக்ககப் பிள்ளைகள், பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. இரண்டு கூட்டமும் தெருவில் எதிரெதிரே வந்தால் பேசிக்கொள்ளாது. ஆனால் −3 − 5 எவ்வளவு என்று கேட்டால் இரண்டு கூட்டமும் ஒரே குரலில் "எட்டு" என்று சொல்லும்.

பூக்காரம்மா ஒருவரின் மகள் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். விடியற்காலையில் கோயம்பேட்டிலிருந்து உதிரிப்பூ வரும். பாதி காசு கையில், மீதி கடன். சாயங்காலம் சன்னதித் தெருவில் விற்று முடித்து மொத்த வியாபாரிக்கு எவ்வளவு, வட்டிக்காரருக்கு எவ்வளவு என்று அம்மா வாயால் சொல்லச் சொல்ல, இவள் மனக்கணக்கில் கூட்டிச் சொல்வாள். ஒரு நாள் வகுப்பில் அவளை எழுப்பிக் கேட்டேன்.

"அம்மாவுக்கு முந்நூறு ரூபா கடன் இருக்கு. இன்னிக்கு இன்னொரு ஐந்நூறு கடன் வாங்கிட்டாங்க. இப்ப என்ன நிலைமை, சொல்லு?"

"எண்ணூறு ரூபா கடன் மிஸ்."

"அதையே போர்டுல எழுது. −300 − 500."

எழுதினாள். பக்கத்தில் = 800 என்று போட்டாள்.

"ஏண்டி, அப்ப அம்மா கையில எண்ணூறு ரூபா இருக்கா?"

சிரித்துவிட்டாள். "இல்ல மிஸ். அது நெஜம். இது கணக்கு. மைனஸ் மைனஸ் பிளஸ்."

பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளை வைத்து தெரெசின்யா கராயரும் கூட்டாளிகளும் 1985ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தெருவில் வாய்க்கணக்காகத் தப்பே இல்லாமல் போட்ட அதே கணக்கைத் தாளில் கொடுத்தபோது அந்தப் பிள்ளைகள் தடுமாறினார்கள். கல்வி ஆராய்ச்சியில் அது பேர் பெற்ற ஆய்வு. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ரெசிஃபேக்குப் போக வேண்டாம், கபாலி கோயில் வாசலே போதும்.

வியாதி எங்கே என்று விடைத்தாள் திருத்துகிற எல்லாருக்கும் தெரியும். −7 − 2 = 9 என்று ஒரு தாளில் இருக்கும். அடுத்த தாளில் −4 + 6 = −10. இரண்டும் வெவ்வேறு தவறாகத் தெரியும், மூலம் ஒன்றே. "பிளஸ் இன்ட்டு பிளஸ் பிளஸ், பிளஸ் இன்ட்டு மைனஸ் மைனஸ், மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்" என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அதுதான். பெருக்கலுக்காக ஏற்பட்ட பாட்டு. ராகம் போட்டுச் சொல்லவைத்தால் ஒரே நாளில் வகுப்பு முழுக்க மனப்பாடம். ஒரு வாரம் போனால் நடுவில் இருக்கும் 'இன்ட்டு' உதிர்ந்துவிடும். மிச்சம் "மைனஸ் மைனஸ் பிளஸ்", "மைனஸ் பிளஸ் மைனஸ்." அதற்கப்புறம் இரண்டு குறி பக்கத்தில் பக்கத்தில் கண்ணில் பட்டால் போதும், பாட்டு வேலையைக் காட்டும். மைனஸ் நாலு, பிளஸ் ஆறு. மைனஸ் பிளஸ் மைனஸ். நாலும் ஆறும் பத்து. ஆக மைனஸ் பத்து. இதில் பிள்ளையின் தவறு ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

இன்னும் அதிகமாக இந்தப் பாட்டைப் பரப்புவது வீடு. "மூன்றாம் வகுப்பிலேயே நான் அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டேன் மிஸ்" என்று பெருமையாகச் சொன்ன ஐ.டி. அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொண்டுவந்து விடும் பிள்ளைக்கு முதல் மாசம் முழுக்க மறக்கச் சொல்லித்தருவதே என் வேலை.

நான் நம்பியது புளியங்கொட்டையை. பாட்டி காலத்தில் தாயம் ஆட, கொட்டையை ஒரு பக்கம் சொரசொரப்பான தரையில் தேய்த்து வெள்ளையாக்குவார்கள். மறுபக்கம் கறுப்பாகவே இருக்கும். அப்படி ஒரு டப்பா நிறையத் தேய்த்து வைத்திருந்தேன். வெள்ளை என்றால் பிளஸ் ஒன்று, கறுப்பு என்றால் மைனஸ் ஒன்று. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூஜ்யம். ஜோடியாக எடுத்து ஓரம் வைத்துவிடலாம். பழைய சீனக் கணக்கர்கள் சிவப்புக் குச்சி, கறுப்புக் குச்சி வைத்து இதையே செய்திருக்கிறார்கள். 'ஒன்பது அதிகாரங்கள்' என்ற அவர்களுடைய கணித நூலின் பழைய உரையில் இருக்கிறது. அவர்களுக்குச் சிவப்பு வரவு, கறுப்பு கடன். நம் ஊர்க் கணக்குப்பிள்ளை பார்த்தால் பதறிப்போயிருப்பார்.

−3 − 5க்கு மூன்று கறுப்பு வை, இன்னும் ஐந்து கறுப்பைச் சேர். எட்டு கறுப்பு. தகராறே இல்லை. −4 + 6க்கு நாலு கறுப்பு, ஆறு வெள்ளை. நாலு ஜோடி போய்விட்டது. இரண்டு வெள்ளை மிச்சம். இதுவரை மூன்றாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும்.

சங்கடமானது 2 − (−3). தரையில் இருப்பது இரண்டு வெள்ளை. அதிலிருந்து மூன்று கறுப்பை எடு என்கிறேன். கறுப்பே இல்லையே, எங்கிருந்து எடுப்பது? இந்த இடத்தில் வகுப்பு மௌனமாகும். நான் வாயைத் திறக்க மாட்டேன். டீச்சருக்கு இருக்க வேண்டிய பெரிய திறமை இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர், பெரும்பாலும் பரீட்சையில் முதல் மார்க் வாங்காத ஒருவர், கையை நீட்டி டப்பாவிலிருந்து மூன்று வெள்ளை, மூன்று கறுப்பு எடுத்துத் தரையில் கொட்டுவார். "ஜோடி ஜோடியா பூஜ்யம்தானே மிஸ். போட்டா ஒண்ணும் மாறாது." போட்டாச்சு. இப்போது மூன்று கறுப்பை எடு. தரையில் ஐந்து வெள்ளை. 2 − (−3) = 5. பாட்டு பாடாமல் ஐந்து வந்துவிட்டது.

கொட்டையில் இன்னொரு வசதி உண்டு. புரட்டிப் போடலாம். மைனஸ் குறிக்கு இரண்டு வேலை. ஒன்று, கழி என்பது. இன்னொன்று, இந்த எண் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது. தாளில் இரண்டுக்கும் அதே கோடு. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? காசியோ சயின்டிஃபிக் கால்குலேட்டரைப் பாருங்கள், கழித்தலுக்கு ஒரு பொத்தான், அடைப்புக்குறிக்குள் மைனஸ் போட்ட இன்னொரு பொத்தான். மெஷின் செய்கிறவர்களே ஒரே பொத்தானில் சமாளிக்கவில்லை. கறுப்புக் கொட்டையைப் புரட்டினால் வெள்ளை, மறுபடி புரட்டினால் கறுப்பு. −(−3) என்பதற்கு நான் வேறு விளக்கம் தேடியதில்லை.

டியூஷன் பிள்ளைகளுக்குக் கொட்டை கொஞ்சம் கூச்சம். "ஹைஜீனிக்கா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். அவர்களுக்கு லிஃப்ட் பிடித்தது. தி.நகர் உஸ்மான் சாலை ஜவுளிக்கடைகளிலும் மால்களிலும் தரைக்குக் கீழே இரண்டு தளம் பார்க்கிங். தரைத்தளம் பூஜ்யம். மைனஸ் இரண்டில் காரை விட்டுவிட்டு மூன்றாம் மாடியில் புடவை எடுக்கப் போனால் எத்தனை தளம் ஏறுகிறோம்? ஐந்து. 3 − (−2) = 5. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததற்குக் கீழே என்ன இருக்க முடியும் என்று கேட்கிற பிள்ளைக்கும் லிஃப்ட் பதில் சொல்லிவிடும். பூஜ்யம் நாம் குறித்துக்கொண்ட ஓர் இடம். ரயில் நிலைய மஞ்சள் பலகைகளில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். கடலைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டோம். இப்போது மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டுகிற பள்ளம் கிட்டத்தட்ட 35 மீட்டர் ஆழம் என்கிறார்கள். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கிரேன் தெரிகிறது. இனிமேல் திருமயிலைப் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்ல தி.நகர் போக வேண்டாம்.

லிஃப்ட்டை ஓர் அடையாறு பையன் உடைத்தான். ஏழாம் வகுப்பு. எதையும் ஒரு தடவை மடக்கிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"மிஸ், மைனஸ் ரெண்டாவது தளத்தை மைனஸ் ரெண்டாவது தளத்தால பெருக்கினா நாலாவது மாடிக்குப் போயிடுவோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை. தளத்தைத் தளத்தால் பெருக்க முடியாது. கடனைக் கடனால் பெருக்கவும் முடியாது. கூட்டல் கழித்தல் வரை கூட வந்த உதாரணங்கள் அத்தனையும் பெருக்கலில் காலை வாரிவிடும். கடனை ஒருத்தர் மூன்று தடவை தள்ளுபடி செய்தால் லாபம்தானே என்று சுற்றி வளைத்துக் கதை கட்டுகிற புத்தகங்கள் உண்டு. எனக்கு அந்தக் கதைகள் மேல் மரியாதை கிடையாது. கதையைப் புரியவைக்க இன்னொரு கதை வேண்டியிருக்கிறது.

பெருக்கலுக்கு எண்களிடமேதான் போக வேண்டும். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் தொகுத்தவர், 1993ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமானவர். நாட்காட்டித் தாளை வைத்து எண் விளையாட்டு என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். எண்களை வரிசையாக அடுக்கு, பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கட்டும், விதி தானே கண்ணில் படும் என்பது அவர் வழி. மெட்ராஸ் கணக்கு வாத்தியார்களில் ஒரு தலைமுறையே அவரிடம் கற்றது. நானும் அந்த வழியில் வாய்ப்பாட்டைக் கீழ்நோக்கி இறக்குவேன். மூன்று இரண்டு ஆறு, மூன்று ஒன்று மூன்று, மூன்று பூஜ்யம் பூஜ்யம். ஒவ்வொரு படிக்கும் மூன்று குறைகிறது. அடுத்த படி? மைனஸ் மூன்று. இது எல்லாருக்கும் வந்துவிடும். பிறகு மைனஸ் மூன்றாம் வாய்ப்பாடு. இரண்டுக்கு −6, ஒன்றுக்கு −3, பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒவ்வொரு படிக்கும் மூன்று ஏறுகிறது. அடுத்த படி பிளஸ் மூன்று.

அடையாறு பையன் இதற்கும் மசியவில்லை. "வரிசை அங்க வந்து மாறக்கூடாதுன்னு யார் சொன்னா?" நியாயம்தான். அவனுக்காக வேறு கணக்கு போட்டேன். எட்டேழு ஐம்பத்தாறு. இதில் சந்தேகம் உண்டா? இல்லை. எட்டை 10 − 2 என்று எழுது. ஏழை 10 − 3 என்று எழுது. இப்போது ஒவ்வொன்றாகப் பெருக்கு. பத்து பத்து நூறு. பத்தும் மைனஸ் மூன்றும் மைனஸ் முப்பது. மைனஸ் இரண்டும் பத்தும் மைனஸ் இருபது. நூறில் ஐம்பது போனால் ஐம்பது. கடைசியாக மைனஸ் இரண்டையும் மைனஸ் மூன்றையும் பெருக்க வேண்டும், அதன் விடை நமக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள். மொத்தம் ஐம்பத்தாறு வந்தாக வேண்டும். அப்படியானால் அந்த விடை என்ன?

நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஆறு. பிளஸ் ஆறு." பிறகு சந்தேகத்தோடு, "வேற எதுவா இருந்தாலும் எட்டேழு தப்பாயிடும்" என்றான். அவ்வளவுதான் விஷயம். யாரோ போட்ட சட்டம் கிடையாது. மைனஸ் ஆறு என்று வைத்துக்கொண்டால் எட்டேழு நாற்பத்து நாலு ஆகிவிடும். நாம் இரண்டாம் வகுப்பில் படித்த வாய்ப்பாடே கவிழ்ந்துவிடும். அவன் வீட்டுக்குப் போய் 9 × 6, 18 × 19 என்று தானாகவே போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்து மந்தம் என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். பெரிய பெரிய தலைகளே தயங்கிய இடம் இது. பிரம்மகுப்தர் 628ல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் சொத்து, கடன் என்ற பெயரில் குறை எண்களுக்கு எல்லா விதியும் வந்துவிட்டது; கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்பதும் இருக்கிறது. அவருக்கு ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த பாஸ்கரர் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு போடுகிறார். ஒரு குரங்குக் கூட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கம் செய்தால் வரும் எண்ணிக்கை குகைக்குள் போய்விட்டது. ஒரே ஒரு குரங்கு வெளியே தெரிகிறது. மொத்தம் எத்தனை? ஐம்பது என்றால் சரியாக வரும். பத்தில் மூன்று போனால் ஏழு, வர்க்கம் நாற்பத்தொன்பது, வெளியே ஒன்று. ஐந்து என்றாலும் சரியாக வரும். ஒன்றில் மூன்று போனால் மைனஸ் இரண்டு, அதன் வர்க்கம் நாலு, வெளியே ஒன்று, ஆக ஐந்து. இரண்டாவது விடையைப் பாஸ்கரர் தள்ளிவிடுகிறார். மைனஸ் இரண்டு குரங்கை உலகம் ஏற்காது என்று. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பில் போட்டால் கடைசி பெஞ்ச் வரை விழித்துக்கொள்ளும்.

என் கட்சிக்கு வலுவான சாட்சி மதுரைக்காரர். அகஸ்டஸ் டி மார்கன் 1806ல் மதுரையில் பிறந்தவர். அப்பா கம்பெனிப் படையில் இருந்தார். கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார். ஒன்பதாம் வகுப்பில் கணங்கள் பாடத்தில் வருகிற டி மார்கன் விதிகள் அவருடையவை. அவர் 1831ல் கணிதம் படிப்பதில் உள்ள சிரமங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு கேள்வி. அப்பாவுக்கு 56 வயது, மகனுக்கு 29. அப்பா வயது மகன் வயதைப் போல் இரண்டு மடங்காக இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? சமன்பாடு போட்டால் விடை மைனஸ் இரண்டு. இது அபத்தமான விடை, கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்கிறார் டி மார்கன். லண்டனில் கணிதப் பேராசிரியர் அவர்.

அதே கேள்வியை என் முன்னறையில் கேட்டேன். தி.நகரிலிருந்து வந்த பெண் பென்சிலைக்கூட எடுக்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆயிடுச்சு மிஸ். 54, 27." அவளுக்கு அபத்தமாகவே படவில்லை. அந்தப் பெண் டி மார்கனைவிட அறிவாளி என்று நான் சொல்ல வரவில்லை. மைனஸ் நடமாடுகிற ஊரில் வளர்ந்தவள், அவ்வளவுதான்.

2020ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது வகுப்பு செல்போனில் நடந்தது. பிள்ளைகளின் முகமே தெரியாது. பாதிப் பேர் வீடியோவை அணைத்து வைத்திருப்பார்கள். செப்டம்பரில் ஐ.பி.எல். எமிரேட்ஸில் தொடங்கியது. அந்த வருஷம் சென்னை மோசமாக ஆடி, தான் ஆடிய சீசன்களில் முதல் முறையாகப் பிளே ஆஃப் போகாமல் வெளியேறியது. சேப்பாக்கத்துக்கு அது துக்கம். எனக்கு அந்தப் புள்ளிப் பட்டியல் புதையல். பஞ்சாப், சென்னை, ராஜஸ்தான் மூன்றுக்கும் 12 புள்ளி. ஆறாம், ஏழாம், எட்டாம் இடத்தை முடிவு செய்தது நெட் ரன்ரேட். பஞ்சாப் −0.162, சென்னை −0.455, ராஜஸ்தான் −0.569.

"எது பெரிசு, −0.455ஆ −0.569ஆ?" என்று பாடப்புத்தக மாதிரி கேட்டால் வகுப்பில் பாதி −0.569 என்று சொல்லும். 569 பெரிய எண்ணாயிற்றே. "சென்னை மேலேயா, ராஜஸ்தான் மேலேயா?" என்று கேட்டேன். அணைத்து வைத்திருந்த வீடியோவெல்லாம் ஒவ்வொன்றாக உயிர் பெற்றது. ராஜஸ்தானை மேலே வைக்க ஒரு பிள்ளையும் தயாராக இல்லை. ரன்ரேட் ஏன் மைனஸில் போகிறது என்று கேட்டதற்கும் பதில் அவர்களிடமே இருந்தது. நாம் 20 ஓவரில் 160 அடித்தால் ஓவருக்கு எட்டு. எதிரி 180 அடித்தால் ஓவருக்கு ஒன்பது. எட்டில் ஒன்பது போனால் மைனஸ் ஒன்று. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று ஒன்றாம் வகுப்பில் படித்த பாடத்தை, சேலத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஊருக்குப் போய் உட்கார்ந்திருந்த என் மாணவர்கள் அன்றைக்கு ஒருவழியாக விட்டார்கள். அந்தப் பட்டியலில் டெல்லி இரண்டாம் இடம். அதன் ரன்ரேட்டும் மைனஸ்தான், −0.109. மைனஸ் என்றால் தோல்வி என்ற எண்ணத்தை உடைக்க அது ஒன்று போதும்.

நாலு வருஷம் கழித்து ஒரு ஜூலை மாதம். முன்பு என்னிடம் படித்த பெண்ணின் அம்மா போன் செய்தார். மகள் தி.நகரில் கோச்சிங் போய் நீட் எழுதியிருந்தாள். அந்த வருஷம் இயற்பியலில் ஒரு கேள்விக்கு இரண்டு விடையையும் சரி என்று முதலில் மார்க் கொடுத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்கள் பார்த்து, ஒரே விடைதான் சரி என்றார்கள். நாடு முழுக்க நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்க் இறங்கியது. 720க்கு 720 வாங்கியிருந்த 61 பேர் 17 ஆனார்கள்.

"டீச்சர், அந்தக் கேள்விக்கு நாலு மார்க்குதானே? இவளுக்கு அஞ்சு குறைஞ்சிருக்கே. மறுகூட்டல் போடலாமா?"

"சரியான விடைக்கு நாலு. தப்புக்கு என்னம்மா?"

"மைனஸ் ஒண்ணு."

"நாலுலேர்ந்து மைனஸ் ஒண்ணுக்கு வந்திருக்கா. நடுவுல எத்தனை படி?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அஞ்சுதான் டீச்சர்" என்றார். பக்கத்திலிருந்து மகளின் குரல் கேட்டது: "நான் அப்பவே சொன்னேன்லமா."

4 − (−1) = 5. வட மாநிலமோ தமிழ்நாடோ, நாலு லட்சம் வீட்டில் அந்த வாரம் இந்தக் கழித்தல் நடந்திருக்கிறது. ஒரு மார்க் போனால் மெடிக்கல் சீட் போகிற ஊரில் குறை எண்ணுக்கு வெப்பமானிப் படம் எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

ஆறாம், ஏழாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கும் டியூஷன் எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 2018ல் வந்த நம் மாநிலப் பாடத்திட்டத்தில் முழுக்கள் பாடம் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் தொடங்குகிறது. எண்கோட்டில் இடம் பார்ப்பது, எது பெரிது எது சிறிது என்று சொல்வது, அவ்வளவுதான். பெருக்கல் ஏழாம் வகுப்பில்தான் வருகிறது. அதற்குள் "மைனஸ் மைனஸ் பிளஸ்" பாட்டைப் பிள்ளையின் வாயில் போடாதீர்கள். ஏழாவதில் கேட்டால், முதலில் எட்டேழு ஐம்பத்தாறைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.